மூன்று வருடம் நிற்கப்போகும் பழைய சன்னி

கேள்வி: வணக்கம் அண்ணா. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். அப்பா வைத்திருந்த 1985ஆம் ஆண்டு நிசான் சன்னி பி11 இப்போது என் பெயரில் இருக்கிறது. அங்கங்கே கொஞ்சம் கறள், மற்றபடி நல்ல ஓட்டம். கணவருக்கு டோஹாவில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் நானும் பிள்ளையும் போகிறோம். அம்மா இங்கேதான் இருப்பார், அவருக்குக் கார் ஓடத் தெரியாது. காரைக் கீழே தரிப்பிடத்தில் படங்கு போட்டு மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் செக்யூரிட்டி ஐயாவைக் கொண்டு பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கலாம் என்கிறார் அம்மா. மகரகமவில் சித்தப்பா வீட்டில் கூரை போட்ட கராஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. சித்தப்பாவின் மகனுக்கு லைசன்ஸ் இருக்கிறது, ஆனால் அவரிடம் சொந்தமாக மோட்டார் சைக்கிள் உண்டு. டாங்கியை நிரப்பி வைப்பதா, வெறுமையாக விடுவதா? "பேசாமல் வித்துப்போடு, விலை இருக்கிற நேரம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு விற்க மனமில்லை. என்ன செய்யட்டும்? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, மற்ற எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் மட்டும் வேண்டாம். அம்மா நல்ல எண்ணத்தில் சொல்கிறார். கொழும்பில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நிற்கிற காரை இதைவிடக் கெதியாகக் கெடுக்கும் வேலை வேறு இல்லை.

காரணம் இதுதான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். எரியும் பெற்றோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. கார் நன்றாகச் சூடாகி ஓடினால் அந்த ஆவி பின்னால் பறந்துவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமிவிட்டு நிறுத்தினால், சோற்றுப்பானை மூடியில் நீர் கோர்ப்பதுபோல சைலன்சருக்குள்ளே அப்படியே கோர்த்து நிற்கும். கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கி ஒயிலோடும் கலக்கும். ரேடியேட்டர் தண்ணீர் சூடேறியதைப் பார்த்து எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைப்போம். ஒயில் சூடாக இன்னும் நேரம் வேண்டும், அதுவும் கார் உருண்டால்தான். உங்களுடையது கார்பரேட்டர் கார். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது சோக் இழுபட்டுப் பெற்றோல் கூடுதலாக இறங்கும், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு போகும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒவ்வொரு முறையும் பற்றரியிலிருந்து எடுப்பதை அந்தப் பத்து நிமிட ஐட்லிங் திருப்பிக் கொடுக்கவும் மாட்டாது.

இவ்வளவும் நடக்கும்போது டயர் அதே இடத்தில்தான் அழுந்திக்கொண்டிருக்கும். பிரேக் அசையாது, கியர் பெட்டி அசையாது, சில்லு பெயரிங் அசையாது. அதாவது ஓட்டத்தால் வரும் தேய்வு எல்லாம் எஞ்சினுக்கு வரும், நன்மை ஒன்றும் மற்றப் பாகங்களுக்குப் போகாது. இன்னொன்றும் இருக்கிறது. தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், காற்றோட்டம் குறைந்த இடத்தில், பழைய கார்பரேட்டர் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பக்கத்தில் நிற்கும் செக்யூரிட்டி ஐயாவை நினைத்தாவது இதைக் கைவிடுங்கள்.

சரி, அப்படியானால் என்ன வழி? ஒன்று, கார் ஒழுங்காக ஓட வேண்டும். அல்லது, யாரும் தொடாதபடி ஒழுங்காகக் கட்டி வைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கார்தான் செத்துப்போகிறது. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்கில் நின்ற கார்கள், கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கராஜுகளுக்கு வந்தன. அரைகுறை டாங்கியோடு நின்று, இடைக்கிடை "உயிர் இருக்கிறதா" என்று பார்க்க ஸ்டார்ட் பண்ணப்பட்டவைதான் அவற்றில் மோசமாக இருந்தன. கார்பரேட்டர் ஜெட்டெல்லாம் பசைபோல அடைத்திருக்கும்.

முதலில் சித்தப்பாவின் மகனோடு மனம்விட்டுக் கதையுங்கள். அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரை எடுத்து, ஹைலெவல் வீதியில் ஹோமாகம தாண்டிக் கொடகம வரை போய்வருவாரென்றால், அதைவிட நல்ல பாதுகாப்பு அந்தக் காருக்கு இல்லை. போய்வர இருபது கிலோமீற்றருக்குக் குறையாது, ஒயில் நன்றாகச் சூடாகும், பிரேக் தட்டு துடைபடும், நாலாம் கியருக்கும் வேலை இருக்கும். காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போய் ஊர்ந்து வருவது கணக்கில் வராது. ஆனால் அவர் ஓடுவதென்றால் காப்புறுதி, ரெவனியூ லைசன்ஸ், புகைப் பரிசோதனை எல்லாம் வருடாவருடம் நடப்பில் இருக்க வேண்டும், ஒயில் மாற்றும் செலவை நீங்கள் அனுப்ப வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளம்பிள்ளை மூன்று வருடம் தவறாமல் இதைச் செய்வாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முதல் ஆறு மாதம் ஓடிவிட்டு அப்புறம் மறந்துவிட்டால், கட்டி வைத்த காரைவிட மோசமான நிலைக்குத்தான் வரும். "பார்ப்போம் அக்கா" என்று இழுத்தாரென்றால், அவரைத் தொந்தரவு செய்யாமல் கட்டி வைக்கும் வழிக்கே போங்கள்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் தயக்கமே இல்லை, கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் மகரகம. வெள்ளவத்தையில் வீட்டு ஜன்னல் கம்பியும் ஏசி வெளிப்பெட்டியும் எத்தனை வருடத்தில் கறள் பிடிக்கிறதென்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்தால், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டும்போது அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான். மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு இரவெல்லாம் நனைந்தே இருக்கிறது. ஓடுகிற கார் அடிக்கடி கழுவுப்படும், வெயிலில் காயும், நிற்கிற காருக்கு அது இல்லை. படங்கு போட்டால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழி இருக்காது, காற்றில் படங்கு ஆடும்போதெல்லாம் பெயின்டை உரைஞ்சும். மடிப்புகளில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால், நுளம்பு பெருக இடம் கொடுத்ததற்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அம்மாதான் பதில் சொல்ல வேண்டி வரும்.

மகரகம கராஜைப் போய் ஒருமுறை மழை நேரத்தில் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, பக்கத்துக் கான் நிரம்பினால் தண்ணீர் உள்ளே வருமா என்று சித்தப்பாவைக் கேளுங்கள். கொலன்னாவை, கடுவெல பக்கம் இருப்பவர்கள் இதே கேள்வியை 2016 மே வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சீட் வரை நனைந்த கார் பிறகு முழுதாகத் திரும்புவதில்லை. தரை மண்ணாக இருந்தால் தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்றைக் காரின் நீள அகலத்துக்கு மேலாக விரித்து, அதன்மேல் பலகை போட்டு நிறுத்துங்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தால்தான் அடித்தகடு போகும். கதவுக்குக் கீழும் மேலும் காற்றுப் போக வழி இருக்கட்டும். இறுக்கி அடைத்த கராஜைவிடக் காற்றோட்டம் உள்ள கராஜ் நல்லது. மேலே மூட வேண்டுமென்றால் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு போதும், தூசிக்கு மட்டுந்தானே.

இப்போது கறள். பி11 காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள்தான்: கதவின் அடி விளிம்பு, முன் மட்கார்டுக்குப் பின்பக்கம், கால் வைக்கும் தகடு, டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லு இருக்கும் குழி. "அங்கங்கே கொஞ்சம் கறள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்சத்தை இப்போதே டிங்கர் பாஸிடம் காட்டி, தகடு வரை சுரண்டி, பிரைமர் அடித்து முடியுங்கள். கறளின் மேலேயே கறுப்பு அண்டர்சீல் அடித்து மறைத்துத் தருவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துத் தகட்டைத் தின்னும். மூன்று வருடம் கழித்துக் கையை வைத்தால் விரல் உள்ளே போகும். அதே மாதிரி, கழிவு ஒயிலை அடிப்பகுதியில் பூசுகிற பழைய வழக்கம் தகட்டை ஓரளவு காக்கும் என்பது உண்மைதான், ஆனால் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களையும் கூடவே ஊதி இளக வைத்துவிடும். கதவுக்குள்ளும் தகட்டுப் பெட்டிகளுக்குள்ளும் அடிக்கிற மெழுகு ஸ்பிரே கடைகளில் கிடைக்கிறது, அதைப் பாவியுங்கள். அதற்கு முன், அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, கதவடியில் இருக்கும் சின்னத் துவாரங்களின் அடைப்பை ஒரு கம்பியால் எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

பெற்றோலுக்கு வருவோம். "டாங்கியை நிரப்பி வை" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு அது சரி. டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, ஈரம் கோர்த்துக் கறள் பிடிக்கவும் இடமில்லை. ஆனால் மூன்று வருடம் என்பது வேறு கதை. பெற்றோலில் இலேசாக ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். நிலைப்படுத்தும் மருந்து ஊற்றினாலும் ஓரிரு வருடத்துக்கு மேல் தாங்காது. தவிர, சித்தப்பா வீட்டுக் கூரையின் கீழ் ஒரு டாங்கி பெற்றோலை மூன்று வருடம் வைத்திருப்பதை நான் விரும்பவில்லை. எனவே உங்களுக்கு என் பதில்: வெறுமையாக்குங்கள், முழுக்க வெறுமையாக்குங்கள். கடைசி வாரங்களில் குறைவாகவே அடித்து ஓடுங்கள். மிச்சத்தை மெக்கானிக் அடித் தக்கையைக் கழற்றி வடிக்கட்டும், அன்றைக்கே வேறு வாகனத்தில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். பிறகு எஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கார்பரேட்டர் கிண்ணத்தில் தங்கியிருப்பதையும் வடிக்க வேண்டும். பலர் மறப்பது இந்தக் கிண்ணத்தைத்தான். வெறும் டாங்கியின் உள்ளே கறள் ஏறாமலிருக்க ஒரு கோப்பை மெல்லிய ஒயிலை ஊற்றி, காரைக் கொஞ்சம் ஆட்டிப் பரவவிடலாம். திரும்பி வந்ததும் டாங்கியை எப்படியும் கழுவத்தான் போகிறோம்.

எஞ்சின் ஒயிலை வந்த பிறகு மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம், நிறுத்த முன்பே மாற்ற வேண்டும். ஓடிக் கறுத்த ஒயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது மூன்று வருடம் பெயரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. கடைசி ஓட்டம் முடிந்து சூடாக இருக்கும்போதே வடித்து, புது ஒயிலும் பில்டரும் போட்டு, இரண்டு நிமிடம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். கார்பரேட்டரை வடிக்கும் வேலையை இதோடு சேர்த்தே செய்துவிடலாம். அப்புறம் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, ஸ்பானரால் எஞ்சினைக் கையால் சில சுற்றுச் சுற்றி, பிளக்கைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

ரேடியேட்டரில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய கார் என்றால் பைப் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்கள். இந்த எஞ்சினின் உடம்பு இரும்பு, தலை அலுமினியம். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் வெறும் தண்ணீர் நின்றால் அலுமினியத்தை அரிக்கும். முழுவதையும் கழுவி, நல்ல கூலன்டைக் கொம்பனி சொன்ன அளவில் கலந்து நிரப்புங்கள். இங்கே பனி உறையாது என்பதற்காகக் கூலன்ட் வேண்டாம் என்று சொல்பவர்கள் அதிலிருக்கும் கறள் தடுப்பு மருந்தை மறந்துவிடுகிறார்கள்.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். கடையில் கிடைக்கும் டொட் 3, டொட் 4 வகைகள் இரண்டுமே அப்படித்தான். கொழும்புக் காற்றில் அது இன்னும் கெதியாக நடக்கும். ஈரம் ஏறிய ஒயில் வீல் சிலிண்டரை உள்ளிருந்து கறளாக்கும், பிஸ்டன் இறுகும். நிறுத்த முன் முழுவதும் புதிதாக மாற்றினால் சிலிண்டர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், சூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள்.

பற்றரியைக் காரிலோ கராஜிலோ மூன்று வருடம் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும், நம் வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும், இறங்கியபடி கிடந்தால் ஈயத் தட்டில் சல்பேட் படிந்து திரும்பவும் ஏறாது. அளவு பொருந்தினால் சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பற்றரிக் கடையில் பழைய பற்றரிக்கு விலை போட்டு எடுப்பார்கள். திரும்பி வந்து புதியது வாங்கலாம்.

டயரின் பக்கச் சுவரில் ஓர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. உங்கள் டயர் ஏற்கெனவே ஆறு ஏழு வருடம் என்றால் அதைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம், வரும்போது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். புதிதாக இருந்தால், காரை ஸ்டாண்டில் ஏற்றி வைத்தால் அழுந்தி ஒரு பக்கம் தட்டையாவது தவிரும். ஸ்டாண்டைச் சில்லைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையின் (ஆர்ம்) கீழ், சஸ்பென்ஷன் பாரம் தாங்கும்படி வைக்கச் சொல்லுங்கள். சில்லு நாலும் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் புஷ் எல்லாம் முறுகி நிற்கும், முன் அக்சில் மூட்டின் ரப்பர் உறை இழுபட்டு வெடிக்கும். பி11 முன்சில்லு இழுவை என்பதால் அந்த உறை முக்கியம். இன்னொன்று, சீமெந்து புளொக் கல்லின் மேல் எக்காரணம் கொண்டும் காரை ஏற்றாதீர்கள். அது வளைந்து எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்ட் கிடைக்கவில்லை என்றால் டயரில் வழக்கத்தைவிடப் பத்து பி.எஸ்.ஐ. கூட்டி, ஆனால் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் அடித்து, சித்தப்பாவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காரை ஒரு முழம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தள்ளினால் போதும், சாவி போட வேண்டாம்.

எலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கறளுக்கு அடுத்த எதிரி அதுதான். வயரைக் கடிக்கும், சீட் பஞ்சைப் பிடுங்கி ஏர் பில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும். சைலன்சர் வாயையும் ஏர் பில்டர் மூக்கையும் கம்பி வலையால் அடையுங்கள். அடைத்ததை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சைலன்சரில் வலை இருக்கிறது, ஹேண்ட் பிரேக் விட்டிருக்கிறது என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். மூன்று வருடத்தில் யார் வந்து திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. காருக்குள் பிஸ்கட் துணுக்குகூட இல்லாமல் வடிவாகத் துப்புரவாக்குங்கள், பிள்ளை இருக்கும் வீட்டுக் கார் என்றால் சீட்டுக்கு அடியில் கட்டாயம் ஏதாவது கிடக்கும். எலி மருந்து வைக்க வேண்டாம், தின்ற எலி காருக்குள்ளேயே எங்காவது செத்துக் கிடந்தால் அந்த மணம் போகவே போகாது. பொறி வைத்து, அடிக்கடி பார்ப்பதுதான் வழி. கண்ணாடிகளை ஒரு விரல் அகலம் இறக்கி, அந்த இடைவெளியில் கம்பி வலைத் துண்டைச் செருகிவிட்டால் உள்ளே பூஞ்சணம் குறையும். ஈரம் உறிஞ்சும் பைகளை நம்ப வேண்டாம். சில வாரத்தில் நிரம்பிவிடும், யார் மாற்றுவது?

கடதாசி வேலையையும் இந்த இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். ரெவனியூ லைசன்ஸ் முடிகிற திகதிக்கு முன்பே, நீங்கள் அதை எடுக்கும் பிரதேச செயலகத்துக்குப் போய், வாகனம் பாவனையில் இருக்காது என்று எழுத்தில் அறிவிப்பது எப்படி என்று கேட்டு, கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்துப் போய் நின்றால் நிலுவையும் தண்டமும் பற்றி விவாதிக்க வேண்டி வரும். காப்புறுதிக் கொம்பனிக்கும் கார் எங்கே, எந்த நிலையில் நிற்கப்போகிறதென்று எழுதிக் கொடுத்து, தீக்கும் திருட்டுக்கும் மட்டும் காப்புத் தருவார்களா என்று கேளுங்கள். அம்மா பெயரிலோ சித்தப்பா பெயரிலோ ஒரு நொத்தாரிசிடம் அற்றோர்ணித் தத்துவம் எழுதி வையுங்கள். இடையில் காரை நகர்த்தவோ விற்கவோ நேர்ந்தால் நீங்கள் டோஹாவிலிருந்து ஓடிவர வேண்டியதில்லை. சி.ஆர். எனும் வாகனப் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதி அம்மாவிடம் இருக்கட்டும், காருக்குள் வேண்டாம்.

விற்பதைப் பற்றியும் கேட்டீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களுக்கு ஏறிய விலை நம் எல்லாருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி திரும்பவும் திறந்துவிட்டது. அதனால், விலை ஏறும் என்ற எண்ணத்தில் மட்டும் இந்தக் காரை வைத்திருக்க வேண்டாம் என்று சொல்வேன். கட்டி வைக்கிற செலவு, திரும்ப எழுப்புகிற செலவு இரண்டும் சேர்ந்தால் கணக்கில் நீங்கள் இலாபம் காண்பது கடினம். ஆனால் நீங்கள் இலாபத்துக்காகக் கேட்கவில்லை. அப்பாவின் கார் அது, திரும்பி வந்து அதை ஓட வேண்டும் என்று மனம் சொல்கிறது. அது முழுதாக நியாயமான காரணம், அதற்கு யாரிடமும் கணக்குக் காட்டத் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நீண்டு மூன்று ஐந்தாகும் என்று தெரிந்தால், அங்கிருந்தபடியே முடிவெடுத்து, ஓடக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பி11ஐ ஆசையாக வைத்திருக்கும் ஆட்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னபடி செய்ய வேண்டாம். ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி நிற்க நிற்கத் தானாக இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் ஓட வேண்டும் என்பது டொயோட்டாவின் சொந்த அறிவுறுத்தல். அப்படிப்பட்ட காரை வருடக்கணக்கில் கட்டி வைப்பதைவிட, ஓட ஓர் ஆளைப் பார்ப்பதோ விற்பதோ நல்லது.

தங்கச்சி, திரும்பி வரும் நாளைப் பற்றியும் இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் மூன்று வருடம் ஒழுங்காக நின்ற கார் அந்த ஒரு நாள் அவசரத்தில்தான் கெடும். வந்த சந்தோஷத்தில் பற்றரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் வலைகளை எடுத்து, வயர்களைப் பார்த்து, பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம், ஒயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். டைமிங் பெல்ட்டை ஸ்டார்ட் பண்ண முன்பே புதிதாகப் போடுங்கள், பழையது பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. எஞ்சின் ஒயிலையும் பில்டரையும் திரும்பவும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஒயில் விளக்கு அணைகிற வரை ஒயில் மேலே ஏற விடுங்கள். பெற்றோல் போகும் ரப்பர் குழாய் ஒன்றுவிடாமல் எல்லாம் புதிதாக வேண்டும், பம்பின் டயஃப்ரமையும் பார்க்க வேண்டும். காய்ந்து வெடித்த குழாயிலிருந்து பெற்றோல் சூடான எஞ்சினில் சொட்டினால் கார் நெருப்பாகும், இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். இந்த ரப்பர் சாமான்களை இப்போதே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிச் சேர்த்து வைக்கவும் வேண்டாம், பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் கிழடாகும். விளக்குக் கண்ணாடி, கதவுக் கைபிடி மாதிரி அரிதான சாமான் கண்ணில் பட்டால் மட்டும் வாங்கி வையுங்கள். ஏசி காஸ் அநேகமாகப் போயிருக்கும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வீதிக்கு இறக்கிவிடாதீர்கள். பிரேக் ஹோஸ் நாலையும் மாற்றி, டிரம்மைத் திறந்து பார்த்து, ஒழுங்கைக்குள்ளேயே மெதுவாக ஓடி நாலைந்து தரம் அழுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கிறதென்று அர்த்தம். அது சரியான பிறகு, டயர் வயதைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிச் சூடாக்கிப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். குளிர்ந்த எஞ்சினோடு போனால் நல்ல காரும் அதில் தவறும்.